எலிகள் சொன்ன சாட்சியம் வயல் வரை வரட்டும்

தஞ்சை வட்டாரத்தில் சம்பா பயிர் பால் பிடிக்கும் நாட்களில் வரப்போரம் நடந்தால், மூக்கு முதலில் அறிவது பூச்சி மருந்தின் நெடியைத்தான். திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சி. முதுகில் பதினாறு லிட்டர் டேங்க், வாயைச் சுற்றி ஒரு துண்டு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, சேற்றில் புதையும் வெறுங்கால். அடிக்கிறவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி வந்தவர். ஊரில் பல பேருடைய வயலுக்கும் அவர் ஒருவரே அடிப்பார்.

அந்த மருந்து அவருடைய நரம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் போய் என்ன செய்கிறது? இதற்குப் பதில் தேடித் தவளை, முயல், எலி, குரங்கு என்று எண்ணற்ற உயிர்கள் நூறு ஆண்டுகளாக ஆய்வகங்களில் பலியாகியிருக்கின்றன. பதில்கள் கிடைத்தும் இருக்கின்றன. ஆனால் அவை டெல்டாவின் வரப்புக்கு வந்து சேரவில்லை. விலங்குகளை வைத்து மூளையின் வேதியியலை ஆராய்வது சரியா தவறா என்று ஊடகங்களில் அவ்வப்போது விவாதம் எழுகிறது. எழ வேண்டியதுதான். அந்த விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த உயிர்களைக் கொடுத்துக் கண்டறிந்ததை நாம் என்ன செய்தோம்?

தவளையின் இதயத்திலிருந்து

1921-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அந்தக் கரைசலை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார், அதுவும் மந்தமானது. நரம்பு தன் செய்தியை ஒரு வேதிப்பொருளின் வழியாகச் சொல்கிறது என்பது அப்போது உறுதியானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். லோவியும் ஆங்கில அறிவியலாளர் ஹென்றி டேலும் இதற்காக 1936-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே 1936 டிசம்பரில், ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் புதிய பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர், டாபுன் என்ற பொருளை உருவாக்கினார். பூச்சிக்கு வைத்த குறி மனிதனையும் கொல்லும் என்று தெரிந்ததும் அது போர்க்கால நரம்பு நச்சாக மாறியது. அதே ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தில் பிறந்தவைதான் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ், அசிபேட் எல்லாம். நம் உரக்கடை அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் இருந்துவரும் பெயர்கள் இவை.

இவை வேலை செய்யும் விதம் டெல்டா உழவருக்கு ஒரு வரியில் புரியும். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் பாய்ந்து தன் வேலையை முடித்ததும், கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடனே சிதைத்து அகற்றுகிறது. வயலுக்கு வடிகால் போல. ஆர்கனோபாஸ்பேட் அந்த வடிகாலை அடைத்துவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்குகிறது, நரம்பும் தசையும் ஓயாமல் தூண்டப்பட்டுத் தளர்ந்து போகின்றன. புகையான் பூச்சிக்கும் அதுதான் நடக்கிறது, மருந்தடிக்கிறவருக்கும் அதுதான் நடக்கிறது. அளவுதான் வேறு. வாயில் நீர் ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது, கண்பாவை சுருங்குவது, தசை துடிப்பது, நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறுவது எல்லாம் இந்தத் தேக்கத்தின் அடையாளங்கள். அடித்துவிட்டு வந்த அன்று மாலை தலை சுற்றலும் குமட்டலும் வந்தால் 'வெயில் தாக்கம்' என்று மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நொதி குறைந்திருக்கிறது? அதைக் கேட்டு எழுதி வைக்கும் ஏற்பாடு எதுவும் நம் கிராமங்களில் இல்லை.

ஆய்வகம் பாதி, வார்டு பாதி

இந்த நஞ்சுக்கான சிகிச்சையும் விலங்குகளின் வழியாகத்தான் வந்தது. தேங்கிய அசிட்டைல்கோலினின் விளைவைத் தடுக்க அட்ரோபின். அடைபட்ட நொதியை விடுவிக்க, 1950களில் உருவான பிரலிடாக்சிம். அட்ரோபின் இன்றுவரை உயிர் காக்கிறது; அதில் யாருக்கும் ஐயமில்லை. பிரலிடாக்சிம் விஷயம் அவ்வளவு நேரானது அல்ல. சோதனைக்கூடத்தில் அது நொதியை மீட்கிறது. மனிதர்களிடம்? மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு, அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தால் பலன் உண்டு என்றது. இலங்கை மருத்துவமனைகளில் 235 நோயாளிகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் ஆய்வுகளும் ஐயத்தையே எழுப்பின.

இன்னொரு கண்டுபிடிப்பு முழுக்க முழுக்க வார்டில் பிறந்தது. நஞ்சின் முதல் வேகம் தணிந்து, நோயாளி தேறிவிட்டார் என்று எல்லாரும் நினைக்கும்போது, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் செயலிழப்பதை இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்‌ஷ்மன் கரலியத்தவும் பத்து நோயாளிகளிடம் கண்டு, 1987-ல் உலகுக்கு அறிவித்தார்கள். கட்டிலருகே நின்று நாள்தோறும் குறித்து வைத்த கண்கள்தான் அதைப் பிடித்தன. தேறியவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிக்கும் வழக்கத்துக்கு அந்தக் குறிப்புகளே அடிப்படை.

ஆக, எலி பாதிப் பதிலைத்தான் தரும். மீதியை மனிதர்களிடையே பொறுமையாகப் பார்த்து எழுதித்தான் பெற வேண்டும். இந்த இரண்டாவது பாதியில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

சேப்பாக்கத்து விதையும் சுவீடன் முயலும்

விலங்கு ஆய்வு சரியாக நடந்தால், அதன் முடிவு சரியாகக் கைமாறினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நடுக்குவாதத்தின் வரலாற்றைவிட நல்ல சான்று இல்லை. பார்க்கின்சன் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயில் கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் உறையும். இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பலர் அறியார்.

பூனைக்காலி விதையை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக மருந்தில் சேர்த்து வந்தார்கள். சேப்பாக்கத்தில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசுவாமியும் அந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1937-ல் வெளியிட்டார்கள். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சர்ப்பகந்தி வேர் இன்னொரு பக்கம். மனப்பிறழ்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதைக் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் எழுதினார்கள். அந்த வேரின் சாரமான ரெசர்பைனை 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் பிரித்தெடுத்தார்கள். சுவீடனின் லுண்ட் நகரில் அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பைனை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை காது தொங்கி, அசைவற்று, சிலையாக உட்கார்ந்துவிட்டன. மூளையின் வேதிப்பொருள் ஒன்று வற்றியதுதான் காரணம் என்று கார்ல்சன் எண்ணினார்; அது டோபமின் என்பது பின்னர் தெளிவானது. டோபமினாக மாறக்கூடிய டோபாவை ஊசி வழியாகச் செலுத்தினார். கால் மணி நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின. 1957-ல் அவர் இதை வெளியிட்டார்.

முயலின் தொங்கிய காதில் நின்றிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு அங்கேயே முடிந்திருக்கும். 1960-ல் வியன்னாவில் ஒலே ஹார்னிகீவிச், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்து, அங்கும் டோபமின் வற்றியிருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுக்கப்பட்டது. கட்டிலோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். இன்று தஞ்சையிலும் கும்பகோணத்திலும் நடுக்குவாதத்துக்கு எழுதித் தரப்படும் மாத்திரையின் மூலப்பொருள் அதுவே. ஓர் இந்திய வேர் முயலை முடக்கியது. சேப்பாக்கம் ஒரு விதையில் கண்ட பொருள் அதை எழுப்பியது. மூலிகையும் ஆய்வகமும் விலங்கும் நோயாளியும் ஒரே சங்கிலியில் கோர்க்கப்பட்டதால் நடந்த காரியம் இது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எலி மௌனமாக இருந்தபோது

அதே நோயின் வரலாறு எதிர்ப்பாடத்தையும் தருகிறது. 1976-ல் அமெரிக்காவில் ஓர் இளைஞர், தானே தயாரித்த போதைப்பொருளை ஏற்றிக்கொண்டு சில நாட்களில் நடுக்குவாத நோயாளிபோல் உறைந்துபோனார். ஆராய்ச்சியாளர்கள் அதே கலவையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு நிலைத்த பாதிப்பு எதுவும் வரவில்லை. 1982-ல் கலிபோர்னியாவில் மேலும் பல இளைஞர்கள் அதேபோல் உறைந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் குற்றவாளியை அடையாளம் கண்டார்கள். போதைப்பொருளில் கலந்துவிட்ட எம்.பி.டி.பி. என்ற துணைப்பொருள். குரங்குகளிடம் அது நடுக்குவாதத்தை உண்டாக்கியது, சிலவகைச் சுண்டெலிகளிடமும் உண்டாக்கியது. பெரிய எலி மட்டும் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் இனமாக இருந்தது.

எந்த விலங்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் எத்தனை உயிர்கள் தொங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மனிதருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது.

எம்.பி.டி.பி. உடலில் மாறி உருவாகும் பொருளின் அமைப்பும், களைக்கொல்லியான பாராகுவாட்டின் அமைப்பும் நெருங்கிய உறவுடையவை. அந்த ஒற்றுமையைக் கண்டதும் ஆய்வாளர்களின் பார்வை வயல்களின் பக்கம் திரும்பியது. 2000-ல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் திமோதி கிரீனமயர் குழுவினர், ரோட்டெனோன் என்ற பூச்சிக்கொல்லியை எலிகளின் இரத்தத்தில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். எலிகள் கூனின, மெதுவாயின, அவற்றில் சிலவற்றின் பாதங்கள் நடுங்கின. மூளையைப் பார்த்தால், டோபமின் சுரக்கும் அணுக்கள் அழிந்திருந்தன. மனித நோயாளிகளின் மூளையில் காணும் புரதக் கட்டிகளைப் போன்றவையும் இருந்தன. ரோட்டெனோன் ஆய்வகத்தில் பிறந்த ரசாயனம் அன்று. டெர்ரிஸ் போன்ற கொடிகளின் வேரிலிருந்து எடுக்கப்பட்டு, இயற்கைப் பூச்சிக்கொல்லி என்ற நற்பெயரோடு பல நாடுகளில் விற்கப்பட்டது. இயற்கை வேளாண்மைக்கு நம்மாழ்வார் போன்றோர் குரல் கொடுத்த இந்த மண்ணில், செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருளைத் தீங்கற்றது என்று நம்பிவிடக்கூடாது என்பதையும் அந்த எலிகள் சொல்லியிருக்கின்றன.

எலிகள் சொன்னதை மனிதர்களிடம் சரிபார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் நீண்டகாலம் பதிவு செய்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வுக் குழு அதற்கு உதவியது. 2011-ல் கரோலின் டேனர் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, நடுக்குவாதம் வந்தவர்களிடையே ரோட்டெனோனையோ பாராகுவாட்டையோ கையாண்ட அனுபவம், நோய் இல்லாதவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகத் தொடர்புபட்டிருந்தது. எலி சொன்னது 2000-ல்; மனிதரிடம் சரிபார்த்தது 2011-ல். அங்கே பதிவேடு இருந்ததால் சரிபார்க்க முடிந்தது.

பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் விலக்கியது. கேரளம் 2011-ல் தடை செய்தது. இந்திய அளவில் அது இன்னும் பதிவு பெற்ற களைக்கொல்லி.

மதுரை எலிகள் சொன்னது

நம் மாநிலத்து எலிகளும் பேசியிருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கணேசன் வேல்முருகன், சுப்பையா ராமசாமி முதலியோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாட்டு உழவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மதுரை மாவட்டக் கிராமங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, பூச்சிக்கொல்லியோடு அன்றாடம் பழகியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. பழகாதவர்களில் 6.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. இங்கே முதலில் கேள்வியை எழுப்பியது கிராமம். அதன்பிறகு சுண்டெலிகளுக்கு 180 நாட்கள் மோனோகுரோட்டோபாஸ் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த மருந்தைச் சிதைக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம், கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்கச் செய்வதாக அவர்கள் விளக்கினார்கள்.

அதில் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்த எலிகளின் கோலினெஸ்டரேஸ் நொதியில் குறைவில்லை. அதாவது, நரம்பு நஞ்சின் வழக்கமான அடையாளம் எதுவும் தெரியாத நிலையிலேயே உடம்பு வேறொரு வழியில் கெட்டுக்கொண்டிருந்தது. பூச்சிக்கொல்லியின் தீங்கு என்றால் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போவது மட்டும்தான் என்ற நம் எண்ணத்தை இது அடியோடு அசைக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இதே கேள்வியைக் கேட்டு இதே அளவில் ஆய்வு நடந்திருக்க வேண்டும். நெல்லுக்கு மருந்தடிக்கும் கைகள் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

ஆய்வகங்களுக்கும் ஒரு வார்த்தை

கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் எம்.பி.டி.பி., ரோட்டெனோன் ஆகியவற்றால் நடுக்குவாதம் உண்டாக்கிய சுண்டெலிகளிடமும் எலிகளிடமும் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறார்கள். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிக் அமிலம், தேயிலையில் உள்ள தியாஃபிளேவின் போன்றவை மூளையைக் காக்குமா என்று அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் உலக அளவில் படிக்கப்படுகின்றன. டெல்டாவின் வாசலிலேயே இத்தகைய அறிவு இருப்பது நமக்குப் பெருமை.

ஆனால் இந்தத் துறை முழுவதும், உலகெங்கும், ஒரு கசப்பான அனுபவத்தைச் சந்தித்திருக்கிறது. எலிகளைக் காத்த கோஎன்சைம் கியூ10, 600 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பலனில்லை என்று 2014-ல் வெளியிடப்பட்டது. எலிகளைக் காத்த கிரியேட்டின், 1,741 நோயாளிகளிடம் தோற்றதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. காரணங்களில் சில வெளிப்படை. சுண்டெலிக்குச் சில நாட்களில் நஞ்சு கொடுத்து உண்டாக்கும் பாதிப்பும், மனிதருக்குப் பல பத்தாண்டுகளில் மெல்ல வரும் நோயும் ஒன்றல்ல. பல ஆய்வுகளில் காக்கும் பொருளை நஞ்சுக்கு முன்பாகவே கொடுக்கிறார்கள். நோயாளியோ, டோபமின் அணுக்களில் பெரும்பகுதி போன பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார். எந்த எலிக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாதவரே முடிவை அளக்க வேண்டும் என்ற ஒழுங்கு எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. தோற்ற விலங்குச் சோதனைகள் பெரும்பாலும் அச்சேறுவதும் இல்லை.

இதனால் விலங்கு ஆய்வே வீண் என்று சொல்லிவிட முடியாது. முயலும் எலியும் இல்லாமல் எல்-டோபா வந்திருக்காது. நடுக்குவாதக் குரங்குகளின் மூளையில் எந்தப் பகுதியை அடக்கினால் இயக்கம் திரும்புகிறது என்று 1990-ல் காட்டியிராவிட்டால், ஆழ்மூளைத் தூண்டல் அறுவை இன்றைய வடிவை எட்டியிருப்பது கடினம். ஆனால் ஓர் உயிரை எடுக்கும் ஆய்வுக்குத் தகுதி வேண்டும். ரசலும் பர்ச்சும் 1959-லேயே மூன்று விதிகள் வகுத்தார்கள்: மாற்று இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டால் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. இந்தியாவில் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998-ன் விதிகளும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும் என்கின்றன. 2023-ல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், மனித அணுக்களில் செய்யும் சோதனைகளையும் கணினி மாதிரிகளையும் ஏற்கின்றன. அந்த நெறிமுறைக் குழுக்கள், 'இந்த எலிகள் வலியின்றி இருக்குமா' என்பதோடு, 'இந்த ஆய்வின் முடிவு எந்த மனிதருக்குப் போய்ச் சேரும், யார் வழியாக' என்றும் கேட்க வேண்டும். பதில் இல்லாத திட்டத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடாது.

டெல்டாவில் செய்ய வேண்டியவை

முதல் வேலைக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், தெளிப்பு வேலையில் அமர்த்தப்படுவோருக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும், ஆர்கனோபாஸ்பேட் வகையோடு பழகுவோரின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைக் குறித்த கால இடைவெளியில் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கலிபோர்னியா மாநிலம் தன் பண்ணைத் தொழிலாளர்களுக்கு 1974 முதல் இப்படிப்பட்ட பரிசோதனையை நடத்தி வருகிறது. நம் ஊரில் டேங்குக் கணக்கில் கூலி வாங்கும் மனிதருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. ஆகவே விதி அவரைத் தொடுவதே இல்லை. பருவத்துக்கு முன் ஒரு முறை, பருவத்தின் நடுவே ஒரு முறை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையை அரசே இலவசமாகச் செய்ய வேண்டும். மருந்தடிக்கும் நாளுக்கு முந்தைய அளவு தெரிந்திருந்தால்தான் பிந்தைய அளவு குறைந்திருப்பது தெரியும்.

இரண்டாவது, பதிவேடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடுவீடாகப் போகிறார்கள். அவர்கள் கையில் உள்ள படிவத்தில் இரண்டே கேள்விகளைச் சேர்த்தால் போதும்: இந்த வீட்டில் மருந்தடிக்கிறவர் யார், எத்தனை ஆண்டாக அடிக்கிறார்? கை நடுக்கமோ நடைச் சுருக்கமோ யாருக்காவது உண்டா? சந்தேகம் உள்ளவர்களைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, நரம்பியல் துறை அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். நோயாளிகளை முறையாகக் குறித்து வைப்பது தஞ்சைக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகாலில் மனிதருக்கும் கால்நடைக்கும் மருந்து ஆராயப்பட்டது. நோயாளிகளின் குறிப்புகள் எழுதி வைக்கப்பட்டன. அயோவா வைத்திருக்கும் பதிவேட்டைத் தஞ்சையும் வைத்திருக்க முடியும்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்தடித்த வயலின் வைக்கோலைத் தின்று, அந்த வாய்க்கால் நீரைக் குடிக்கும் மாடுகளிடமும் ஆடுகளிடமும் இரத்தம் எடுத்து நொதியை அளக்கலாம். புதிதாக எந்த உயிரையும் கூண்டில் அடைக்காமல், ஏற்கெனவே அதே மண்ணில் வாழும் விலங்குகளே நமக்கு முன்னெச்சரிக்கை தரும்.

மூன்றாவது, மருந்தின் அளவையே குறைப்பது. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நம் வயல்களின் பூச்சிகளை நன்கறியும். புகையானைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் மருந்து கொன்றுவிட்டால், புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும் என்பது ஆசிய நெல் ஆய்வுகளில் உறுதியான செய்தி. இந்தோனேசியா 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது இதனால்தான். இலங்கை 1995-ல் மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்து, பின்னர் வேறு பல நஞ்சுகளையும் படிப்படியாக விலக்கியது. நஞ்சால் நேர்ந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. இந்தியாவில் மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதத் திரவ வடிவத்தை நிறுத்தும் மத்திய அரசின் ஆணை 2023-ல்தான் வந்தது. கடைகளில் இருக்கும் சரக்கு தீர்ந்ததா என்று டெல்டா மாவட்டங்களின் வேளாண் அதிகாரிகள் நேரில் பார்த்துப் பொதுவில் அறிவிக்க வேண்டும். பாராகுவாட் பற்றிய முடிவையும் இனித் தள்ளிப்போட நியாயமில்லை.

பாதுகாப்பு உடை போட்டுக்கொள் என்று உழவருக்கு அறிவுரை சொல்வது எளிது. தஞ்சையின் புழுக்கத்தில், முழங்கால் சேற்றில், உடம்பு முழுதும் மூடிய உடையோடு ஒரு டேங்க் அடிப்பதே பெரும்பாடு. ஆகவே உடை பற்றிய அறிவுரைக்கு முன்னால், அவ்வளவு கொடிய மருந்து கடைக்கு வராமல் தடுப்பது அரசின் கடமை. கடைக்கு வரும் மருந்தைக் காற்றின் போக்கு பார்த்து அடிக்கவும், கலக்கும்போது கையுறை போடவும், வீடு வந்ததும் குளித்துத் துணியைத் தனியே துவைக்கவும் சொல்லிக் கொடுப்பது வேளாண் துறையின் கடமை.

மருத்துவத் துறை, வேளாண் துறை, கால்நடைத் துறை, இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள். எல்லாம் தஞ்சையிலிருந்து சில மணி நேர பஸ் பயணத்துக்குள் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரத்தநாட்டிலோ திருவையாற்றிலோ ஒரு வட்டாரத்தில் சோதனை முயற்சியாகத் தொடங்கலாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். குறுவைக்கு டேங்க் தோளேறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அந்த வட்டாரத்தில் மருந்தடிக்கும் ஒவ்வொருவரின் பெயரும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறி, முதல் இரத்த மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.